டர்பனில் எங்கள் பையனுக்குப் பள்ளி தேடியது

கோயிலில் பார்க்கும்போதோ, யாரிடமாவது கைப்பேசி எண் வாங்கிக்கொண்டோ, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாக வந்த, மாற்றுத்திறன் பிள்ளை உள்ள தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "உங்க பையன் எந்த ஸ்கூல்ல படிக்கிறான்? எங்க பிள்ளைக்கும் அங்க சீட் கிடைக்குமா?" நான் பள்ளியின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை கொடுத்துவிடுவேன். காலையில் எழுந்ததிலிருந்து இரவு தூங்குகிற வரைக்கும் உங்கள் பிள்ளைக்கு எந்தெந்த இடத்தில் இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது, கை கொடுக்காவிட்டால் என்ன ஆகிறது, இதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்பேன். பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். ஸ்கூல் பேரைக் கேட்டால் வீட்டுப்பாடம் கொடுக்கிறாளே என்று. ஆனால் இந்த நாட்டில் அரசுப் பள்ளியில் இடம் முடிவாவதே கிட்டத்தட்ட அந்த நோட்டை வைத்துத்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழ்கிற சாட்ஸ்வர்த்துக்கு வந்தவள். என் கணவர் வீட்டார் 1860க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழி. வீட்டில் எல்லாரும் ஆங்கிலம்தான், ஆனால் ஆயா, தாத்தா, அண்ணா, ரசம், கூழ் எல்லாம் அப்படியே இருக்கிறது. பையன் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். பெருமூளை வாதம், அதாவது செரிப்ரல் பால்சி. அதிலும் இரண்டு கால்களையும் அதிகமாக இறுக்குகிற வகை. கை ஓரளவு நன்றாக இருக்கும், வாய் ரொம்ப நன்றாகவே இருக்கும், கால் மட்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், குதிகால் தரையில் படாது. குறைமாதத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்கு மூளையின் நடுவில் இருக்கிற வெண்பகுதியில் அடி விழுந்தால் முதலில் கால் நரம்புகளைத்தான் பாதிக்கும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அதே இடத்துக்குப் பக்கத்தில்தான் பார்த்ததைப் புரிந்துகொள்கிற நரம்புகளும் போகின்றன என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை. அது பள்ளிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நோட்டு விஷயத்துக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் காலத்தில் சிறப்புப் பள்ளிகள்கூட இனவாரியாகப் பிரிந்திருந்தன. வெள்ளையர் பிள்ளைகளுக்கு வசதியான பள்ளிகள், இந்தியர்களுக்கு ஏதோ சில, கறுப்பினப் பிள்ளைகளுக்கு ரொம்பக் குறைவு. அது முடிந்தபிறகு 2001இல் ஆறாம் வெள்ளை அறிக்கை என்ற ஒன்றைக் கல்வித் துறை கொண்டுவந்தது. கொஞ்சம் உதவி வேண்டிய பிள்ளை சாதாரணப் பள்ளியிலேயே படிக்கலாம், நடுத்தரமாக வேண்டியவர்களுக்கு முழுச் சேவைப் பள்ளி, நிறைய வேண்டியவர்களுக்குச் சிறப்புப் பள்ளி என்று மூன்று படி. இருபது வருடத்தில் 500 தொடக்கப் பள்ளிகளை முழுச் சேவைப் பள்ளிகளாக மாற்றுவோம் என்றும் எழுதி வைத்தார்கள். இருபது வருடம் எப்போதோ போய்விட்டது. 2015இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, மாற்றுத்திறன் பிள்ளைகள் சுமார் ஐந்து லட்சம் பேர் பள்ளிக்கே போகாமல் இருக்கிறார்கள் என்ற மதிப்பீட்டை வெளியிட்டது. காகிதத்துக்கும் தெருவுக்கும் உள்ள தூரம் அவ்வளவு. இருந்தாலும் காகிதத்தை விட்டுவிடாதீர்கள், கையில் அது ஒன்றுதான் இருக்கிறது.

அந்தக் காகிதங்களில் பெற்றோருக்கு ரொம்ப முக்கியமானது 2014 டிசம்பரில் வந்த கொள்கை. எல்லாரும் 'சியாஸ்' என்பார்கள். அதன் சாரம் இதுதான்: நோயின் பெயரைப் பார்த்துப் பள்ளியைத் தீர்மானிக்கக் கூடாது, பிள்ளைக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்பதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அதனால்தான், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், செரிப்ரல் பால்சி என்று பெயரோடு போய் நிற்கிற பெற்றோர் அலைகிறார்கள், 'சட்டையை அவனே மாட்டுவான், பொத்தான் போட முடியாது, கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தால் தானே எழுவான், இல்லையென்றால் ஒரு ஆள் வேண்டும்' என்று சொல்கிறவர்களின் விண்ணப்பம் நகர்கிறது.

எங்கள் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது. காலையில் ஸ்பிளின்ட், அதாவது காலையும் பாதத்தையும் நேராகப் பிடித்து வைக்கிற கவசம், மாட்ட ஒரு ஆள், தானாக மாட்டினால் குதிகால் உள்ளே இறங்காது, மதியத்துக்குள் தோல் சிவந்துவிடும். வாக்கரோடு சமதளத்தில் தனியாகப் போவான். ஒரு படி இருந்தாலும் ஆள் வேண்டும். மழைநாளில் வழுக்கும், ஆள் வேண்டும். சாப்பாடு தானே, டிபன் மூடி திறக்க உதவி. எழுதும்போது வரி தாண்டுகிறான், கூட்டல் கணக்கில் பத்தும் ஒன்றும் வேறு வேறு வரிசைக்குப் போய்விடுகிறது. பத்து மணிக்கு மேல் களைப்பு, அப்போது கேட்டால் தெரிந்த பதிலையும் சொல்ல மாட்டான். டாக்டரின் ரிப்போர்ட்டில் இதில் ஒரு வரிகூட இல்லை. அதில் இருந்ததெல்லாம் மூன்று பெரிய சொற்களும் ஒரு கையெழுத்தும்.

நாங்கள் முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கு. பெயர் வேண்டாம். கிரேடு ஆர், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்புக்குச் சேர்க்கப் போனோம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள், இவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கழிப்பறை படியேறிப் போகணும், சிறப்புப் பள்ளிக்குக் கொண்டுபோங்கள் என்று அன்பாகவே சொன்னார்கள். சிறப்புப் பள்ளிக்குப் போனால், நாங்கள் நேரடியாகச் சேர்க்க முடியாது, மாவட்ட அலுவலகம் வழியாக வாருங்கள் என்றார்கள். மாவட்ட அலுவலகத்தில், பிள்ளை இப்போது எந்தப் பள்ளியில் இருக்கிறானோ அந்தப் பள்ளி படிவம் அனுப்ப வேண்டும் என்றார்கள். அவன் எந்தப் பள்ளியிலும் இல்லையே! இந்த வட்டத்தில்தான் பல குடும்பங்கள் வருடக்கணக்கில் சுற்றுகின்றன, பிள்ளை வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு வளர்ந்துவிடுகிறது.

வட்டத்தை உடைத்தது என் கணவரின் பெரியப்பா. ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயால் சொன்னதற்கு இந்த ஊரில் மதிப்பில்லை, சேர்க்க முடியாது என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள் என்றார். 1996ஆம் வருடத்துப் பள்ளிகள் சட்டத்தில் ஐந்தாம் பிரிவு என்ன சொல்கிறது என்பதையும் எங்களுக்கு உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். அரசுப் பள்ளி பாகுபாடு காட்டாமல் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு அவனுக்கு வேண்டியதைச் செய்ய வேண்டும். சேர்க்கைக்காகத் தேர்வு வைக்கக் கூடாது. கட்டணம் கட்ட முடியவில்லை என்பதற்காகச் சேர்க்காமல் இருக்கக் கூடாது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்கும்போது பெற்றோரின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மறுத்தால் மாகாணக் கல்வி அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். நாங்கள் சண்டைக்கெல்லாம் போகவில்லை. "எழுதிக் கொடுத்திடுங்க மேடம், நாங்க மாவட்டத்துல காட்டணும்" என்று பணிவாகக் கேட்டோம், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். கிரேடு ஆரில் சேர்த்துக்கொள்கிறோம், பார்ப்போம் என்றார்கள்.

அந்த ஒரு வருடம் அவன் அங்கே என்ன படித்தான் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பள்ளியின் பிள்ளை ஆகிவிட்டான், அதனால் படிவம் நகர ஆரம்பித்தது. முதல் படிவம் எஸ்.என்.ஏ. 1, வகுப்பாசிரியர் பிள்ளையைக் கவனித்து நிரப்புவது. இரண்டாவதைப் பள்ளியிலேயே இருக்கிற ஆதரவுக் குழு நிரப்ப வேண்டும், அதில் பெற்றோரும் உட்காரலாம், உட்காருங்கள். மூன்றாவது மாவட்டக் குழுவுக்குப் போவது, அதில்தான் முழுச் சேவைப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று முடிவாகும். வகுப்பாசிரியருக்கு நாற்பது பிள்ளைகள், நம் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, பாவம். நான் நோட்டைக் கொடுத்தேன். அதிலிருந்து பாதியை அப்படியே எடுத்து எழுதிவிட்டார். சந்தோஷமாகவே எழுதினார்.

இங்கே சில சின்ன விஷயங்கள். கொடுக்கிற ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொண்டு அதில் தேதி முத்திரை வாங்குங்கள், வாங்கியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோப்பு காணாமல் போகும். போகுமா என்று கேட்காதீர்கள், போகும். உளவியல் மதிப்பீடு தனியாரிடம் எடுத்தால் பெரிய செலவு, அதனால் மாவட்டத்திலோ அரசு மருத்துவமனையிலோ காத்திருந்து எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். காத்திருக்கும்போதே பிடித்த சிறப்புப் பள்ளிகளைப் போய்ப் பார்த்து, காத்திருப்போர் பட்டியலில் பெயரும் கொடுத்துவிடுங்கள். வேலை விசாவில் வந்திருக்கிறோம், தாள் இன்னும் சரியாகவில்லை என்று தயங்குகிறவர்களுக்கு: அடிப்படைக் கல்வி எல்லாருக்கும் உரிமை என்றுதான் அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது, குடிமக்களுக்கு மட்டும் என்று அங்கே இல்லை. 2019 டிசம்பரில் மக்காண்டா உயர் நீதிமன்றமும் ஆவணம் இல்லை என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்க முடியாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சேர்க்கிற வயதையும் தள்ளிப்போட வேண்டாம், 2024இல் கையெழுத்தான திருத்தச் சட்டத்தால் கிரேடு ஆர் இப்போது கட்டாயம்.

சரி, எந்தப் பள்ளி? டர்பனையும் சுற்றுவட்டாரத்தையும் பார்த்தால் நம்மவர்கள் அறிந்த பெயர்கள் சில உண்டு. உடல் ஊனமுள்ள பிள்ளைகளுக்கு கிளென்வுட்டில் ஓப்பன் ஏர் பள்ளி, பைன்டவுன் பக்கம் பிரவுன்ஸ் பள்ளி, ஃபீனிக்ஸில் ஏ.எம். மூல்லா ஸ்பெஸ் நோவா. ரிசர்வாயர் ஹில்ஸில் ஆர்.பி. மூட்லி என்ற சிறப்புப் பள்ளியும் உண்டு. காது கேளாத பிள்ளைகளுக்கு வி.என். நாயக் பள்ளியும் கிலிட்ஸில் இருக்கிற ஃபுல்டன் பள்ளியும். பார்வை இல்லாதவர்களுக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஆர்தர் பிளாக்சல். பெயர்களைப் பார்த்தாலே தெரியும், இதில் சில நம் ஆட்கள் காசு திரட்டி, நிலம் கேட்டு, கட்டடம் எழுப்பி, மற்றவர்கள் நமக்குச் செய்ய மாட்டார்கள் என்று செய்த வேலை. இப்போது அவையெல்லாம் எல்லாருக்கும் பொது, வகுப்பில் கறுப்பின மக்கள் வாழ்கிற க்வாமாஷுவிலிருந்தும் உம்லாசியிலிருந்தும் வருகிற பிள்ளைகள்தான் அதிகம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

பள்ளியைப் பார்க்கப் போனால் பிரின்சிபல் அறையில் உட்கார்ந்து பேசுவதைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, வாக்கரோடு உள்ளே திரும்ப இடம் இருக்கிறதா, கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா, பெரிய பிள்ளைகளுக்கு டயபர் மாற்ற மேடை இருக்கிறதா, அந்த வேலையைச் செய்கிறவர் யார், அவர் லீவு போட்டால் யார். நாங்கள் பார்த்த ஒரு பள்ளியில் பாடம் நன்றாக நடந்தது, கம்ப்யூட்டர் அறை பளபளவென்று இருந்தது, ஆனால் கழிப்பறைக்கு உதவ முழுப் பள்ளிக்கும் ஒரே ஒரு அம்மாதான். பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்று அந்த அம்மாவே சொன்னார். டர்பன் வெயிலில், இந்தப் புழுக்கத்தில்! அங்கே சேர்க்கவில்லை.

அடுத்தது வண்டி. சிறப்புப் பள்ளி உங்கள் தெருவில் இருக்காது. பள்ளிப் பேருந்து உண்டா, அது உங்கள் பக்கம் வருமா, எத்தனை மணிக்கு ஏற்றுவார்கள், வழியில் எத்தனை இடம் சுற்றும், வண்டியில் ஓட்டுநரைத் தவிர இன்னொரு ஆள் உண்டா, சக்கர நாற்காலியைப் பட்டையால் கட்டுவார்களா இல்லை மடக்கிப் பின்னால் போட்டுப் பிள்ளையைச் சீட்டில் உட்கார வைப்பார்களா. தனியார் கோம்பி, அதாவது வேன் என்றால் மாதக் கட்டணம் பள்ளிக் கட்டணத்தையே தாண்டிவிடலாம். எங்கள் பையன் விடிவதற்கு முன்னால் ஏறுகிறவன், போய் இறங்கும்போது கால் மரம்போல் இருக்கும், முதல் பாடவேளை அதைத் தளர்த்துவதிலேயே போய்விடும். ஃபிசியோவிடம் சொன்ன பிறகு, பள்ளியில் இறங்கியதும் பத்து நிமிடம் நின்று பழகும் சட்டத்தில் நிற்க வைத்துவிட்டுத்தான் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சாலைகள் அறுந்தபோது பேருந்து பல நாள் வரவில்லை, அப்போதுதான் மாற்று வழி ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று பெற்றோர் நாங்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். யாருடைய காரில் யாரை ஏற்றலாம், யாருடைய காரில் வாக்கர் போகும் என்று ஒரு பட்டியல்.

தெரபி பற்றிக் கேட்கும்போது "பள்ளியில் ஃபிசியோ உண்டா" என்று கேட்காதீர்கள், உண்டு என்றுதான் சொல்வார்கள். இப்போது அந்த இடம் நிரப்பப்பட்டிருக்கிறதா, என் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை முறை, தனியாகவா கூட்டமாகவா என்று கேளுங்கள். இடம் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அதேபோல் எந்தப் பாடத்திட்டம், எதுவரைக்கும் என்பதும். சில சிறப்புப் பள்ளிகள் சாதாரணப் பள்ளிகளின் அதே பாடத்திட்டத்தை மெட்ரிக் வரை, அதாவது இங்கே பன்னிரண்டாம் வகுப்பு வரை நடத்துகின்றன. சில ஒரு கட்டத்துக்குப் பிறகு தையல், மரவேலை, சமையல் என்று தொழில் பக்கம் போகின்றன. இரண்டும் நல்லதுதான், உங்கள் பிள்ளைக்கு எது என்பதுதான் கேள்வி. ஆனால் கால் மட்டும் முடியாத பிள்ளையை, பக்கத்தில் இருக்கிறதே என்று தொழில் பள்ளியில் போட்டுவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. காது கேளாத பிள்ளை என்றால் ஆசிரியர்கள் சைகை மொழியில் எவ்வளவு சரளம் என்பதை நேரில் பாருங்கள். 2018இலிருந்து சைகை மொழியைத் தாய்மொழிப் பாடமாக எடுத்து மெட்ரிக் எழுதலாம், 2023இல் அது நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழியும் ஆகிவிட்டது.

நான் முன்னால் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். கால்தான் பிரச்சினை, மூளை பளிச் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பேச்சைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும், பெரியவன் மாதிரிப் பேசுவான். ஆனால் வாசிக்க மாட்டேன் என்று அடம். கதையைச் சொன்னால் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வான், புத்தகத்தைக் கொடுத்தால் தூக்கி எறிவான். சோம்பேறித்தனம், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சிறப்புப் பள்ளியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளுக்குப் பழக்குகிறவர், முதல் வாரத்திலேயே ஒரு காரியம் செய்தார். கறுப்பு அட்டை ஒன்றை எடுத்து நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நீளமாக ஒரு ஓட்டை வெட்டினார். அதைப் பக்கத்தின்மேல் வைத்து, "இப்ப படி" என்றார். படித்தான். அட்டையைக் கீழே நகர்த்தினார், அடுத்த வரியையும் படித்தான். பக்கம் முழுக்க எழுத்தாக இருக்கும்போது அவன் கண் பார்க்கிறது, மூளைக்கு எந்த வரியைப் பிடிப்பது என்று தெரியவில்லை. கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு எண். பத்து, ஒன்று வரிசைகளுக்கு இரண்டு நிற பென்சில். ஒரு பக்கத்தில் நான்கு கணக்குக்கு மேல் வேண்டாம். இவ்வளவுதான் மருந்து. நாற்பது பேர் வகுப்பில் இதை யார் கண்டுபிடித்திருப்பார்கள்? குறைமாதப் பிள்ளை, கால் இறுக்கம் என்றால் கண் டாக்டரிடம் பார்வை சரி என்று சர்டிபிகேட் வாங்கிவிட்டதோடு விட்டுவிடாதீர்கள், பார்த்ததைப் பிரித்தறிகிற திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மொழியைப் பற்றியும் கேட்கிறார்கள். தனியார் தெரபிஸ்ட் ஒருவர் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், தமிழை நிறுத்துங்கள், குழம்பிவிடுவான் என்றார். மருத்துவமனையில் இருந்த பேச்சுப் பயிற்சியாளர் அதெல்லாம் தேவையில்லை என்றார், எந்த மொழியில் நீங்கள் இயல்பாகப் பேசுவீர்களோ அதில் நிறையப் பேசுங்கள் என்றார். இரண்டாமவர் சொன்னதுதான் சரி, இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இந்தப் பிள்ளைகளின் பேச்சு கெடுவதில்லை. இப்போது என்னிடம் தமிழ், அப்பாவிடம் ஆங்கிலம், வகுப்பில் உதவிக்கு இருக்கிற அம்மாவிடம் இசிசூலு, அதாவது சூலு மொழி. ஆயாவிடம் மூன்றும் கலந்து, அதில் பாதி கெட்ட வார்த்தை.

ஆயா என்றதும் வேண்டுதல் ஞாபகம் வருகிறது. தைப்பூசத்துக்குப் பேரனைக் காவடி ஊர்வலத்தில் நடக்க வைக்கிறேன் என்று என் அத்தை, அதாவது மாமியார், அவனுக்கு ஆயா, நேர்ந்துகொண்டுவிட்டார். டர்பனில் தைப்பூசக் காவடி எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், கொளுத்துகிற வெயில், தார்ச்சாலை, வெறுங்கால். ஸ்பிளின்ட் இல்லாமல் அவன் நிற்க முடியாது, ஸ்பிளின்ட்டுக்கு மேல் ஷூ இல்லாவிட்டால் வழுக்கி விழுவான். நான் எதிர்த்துச் சண்டை போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக அத்தையையே ஃபிசியோவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அத்தையிடம் நேரடியாக எவ்வளவு தூரம் நடக்கலாம், எப்போது உட்கார வைக்க வேண்டும் என்று சொல்ல, அத்தை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கோயில் நிர்வாகத்தில் கேட்டோம், வெளியில் போடாத புது ஷூ ஒன்று கோயிலுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், வாக்கர் சக்கரத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வரலாம் என்றார்கள். கேட்காமலே வராமல் இருந்துவிடுகிற குடும்பங்கள் நிறைய. வீட்டுப் பெரியவர்களை தெரபிக்கு ஒருமுறையாவது கூட்டிப் போய்விடுங்கள். நாம் சொன்னால் மருமகள் பேச்சு, அங்கே சொன்னால் டாக்டர் பேச்சு.

பணம். பதினெட்டு வயதுக்குக் கீழே நிரந்தரமாகக் கவனிப்பு வேண்டிய பிள்ளை என்றால் அரசு உதவித்தொகைகளைக் கொடுக்கிற சாசா அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், மாதம் 2,000 ராண்டுக்கு மேல். குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், அகதிகள் ஆகியோருக்கு மட்டும். வருமான வரம்பு உண்டு, அரசு டாக்டரின் மதிப்பீடும் வேண்டும். அந்த டாக்டரிடமும் நோயின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், நோட்டைக் காட்டுங்கள், அவர் பார்ப்பதும் கவனிப்பு எவ்வளவு வேண்டும் என்பதைத்தான். நிரந்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம் என்பது 2003இலிருந்து இருக்கிறது, வாக்கர், சக்கர நாற்காலி, ஸ்பிளின்ட் எல்லாம் அங்கேயே கேட்கலாம். வரிசை நீளம்தான், அதனால் பிள்ளைக்கு இப்போதுள்ளது சின்னதாகிறது என்று தோன்றும்போதே அடுத்ததற்கு எழுதிவிடுங்கள், முழுக்கச் சின்னதான பிறகு போனால் நடுவில் சில மாதம் காலில் ஒன்றும் இல்லாமல் போகும். வரி கட்டுகிறவர்கள் சார்ஸின், அதாவது வரித் துறையின் ஐ.டி.ஆர்.-டி.டி. என்ற படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்கி வைத்துக்கொண்டால் மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் வரிக் கழிவாகக் கோரலாம், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், பெட்ரோல் ரசீது உட்பட. நிறையப் பேர் இதைச் செய்வதே இல்லை. பள்ளிக் கட்டணத்துக்கும் விலக்கு கேட்டு விண்ணப்பம் கொடுக்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஸ்பிளின்ட் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது பெரிய தலைவலி. முழங்கால் வரைக்கும் நீளமான, தையல் இல்லாத பருத்தி சாக்ஸ், பள்ளிப் பையில் இன்னொரு ஜோடி. சாயங்காலம் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் சரி, மறையாவிட்டால் மறுநாள் மாட்டாமல் செய்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சிறப்புப் பள்ளியில் குறையே இல்லையா என்றால், உண்டு. எங்கள் தெருவில் அவனுக்கு நண்பர்கள் கிடையாது. அவனுடைய கூட்டாளிகள் ஒருவன் உம்லாசியில், ஒருவன் ஃபீனிக்ஸில், பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் நான்கு பெற்றோர் வண்டி ஏற்பாடு பண்ண வேண்டும். தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்போது அவன் அம்பயர். நன்றாகத்தான் செய்கிறான், அதட்டுகிறான், ஆனாலும் அது வேறு. ஆரம்பத்திலிருந்தே சாதாரணப் பள்ளியில் சரிவுப் பாதையும் ஒரு உதவியாளரும் அந்தக் கறுப்பு அட்டையும் இருந்திருந்தால் அவன் இங்கேயே படித்திருக்கலாம். அந்த 500 பள்ளிகள் யாருக்காகப் பேசப்பட்டனவோ அவர்களில் அவனும் ஒருவன். நாங்கள் சிறப்புப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது அது ரொம்பச் சிறந்தது என்பதற்காக மட்டும் அல்ல, வேறு இடம் தயாராக இல்லை என்பதற்காகவும்தான்.

இப்போது ஏழாம் வகுப்பு. அடுத்த வருடம் உயர்நிலைப் பள்ளிக்குத் தெருவில் இருக்கிறவர்களோடு போகணும் என்று ஆரம்பித்திருக்கிறான். வாசிப்பு வந்துவிட்டது, கணக்கு மெதுவாக வருகிறது, தேர்வுக்குக் கூடுதல் நேரமும் எழுதிக்கொடுக்க ஆளும் கேட்க வழி உண்டு, ஆனால் அதற்கு அவனுக்கு எப்போதிலிருந்து அந்த உதவி பழக்கம் என்பதைக் காட்டுகிற தாள்கள் பத்தாம் வகுப்புக்கு முன்னாலேயே கோப்பில் இருக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் பழைய நோட்டை மூடிவிட்டுப் புதிது ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இந்தத் தடவை அவனே எழுதுகிறான், நான் எழுதினால் மிகைப்படுத்துகிறேனாம். அவன் கேட்கிற பள்ளி இரண்டு மாடிக் கட்டடம், லிஃப்ட் இல்லை, எட்டாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடியுமா என்று கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் போய் முதலில் கழிப்பறையைப் பார்க்கணும்.